வீட்டுக்கு டெஸ்க்டாப் வாங்குவது எப்படி: தாளில் எழுதுவதிலிருந்து முதல் வாரச் சோதனை வரை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "ஐ3யா, ஐ5ஆ சார்?" அதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டால் மீதி முடிவெல்லாம் கடைக்காரர் கைக்குப் போய்விடும். அல்சூரிலும் ஈஜிபுராவிலும் தெரிந்தவர்கள் பலருக்குக் கூடவே போய் மெஷின் வாங்கிப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ப்ராசசர் பெயரில் தொடங்கிப் பணத்தை அதிலேயே கொட்டிவிட்டு, எஸ்எஸ்டி (விண்டோஸும் ஃபைல்களும் இருக்கும் டிஸ்க்), எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் கரண்ட் தரும் பவர் சப்ளை), மானிட்டர், யூபிஎஸ் நான்கையும் மிச்சக் காசில் முடிக்கிறார்கள். வீட்டு உபயோகத்தில் தினமும் நீங்கள் உணரப்போவது அந்த நான்கைத்தான்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். பிரவுசர், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, வங்கி வேலை, ஆபீஸ் ஃபைல்கள், போட்டோ சேமிப்பு இவற்றுக்கான வழி இது. பெரிய கேம்களும் 4கே வீடியோ எடிட்டிங்கும் வேறு கணக்கு.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

யார் யார் உட்காரப் போகிறார்கள், எந்த நேரத்தில், என்ன வேலைக்கு என்று எழுதுங்கள். எங்கள் மேல்வீட்டு அக்கா எழுதிக் கொண்டுவந்த தாள் இது: "மகள், எட்டாவது, மாலை 6 முதல் 8 வரை ஆன்லைன் டியூஷன். அவர், ராத்திரி கடைக்கணக்கு, எக்செல். மாமனார், காலையில் தமிழ்ப் பேப்பர், யூடியூப். போட்டோ போனில் நிறைந்துவிட்டது." இந்த நாலு வரி போதும். கேமராவும் மைக்கும் வேண்டும், எழுத்துத் தெளிவாகத் தெரியும் மானிட்டர் வேண்டும், சேமிக்க இடம் வேண்டும், தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று இதிலேயே தெரிந்துவிட்டது.

அதே தாளின் பின்பக்கத்தில், வீட்டில் ஏற்கெனவே இருப்பதை எழுதுங்கள். பழைய மானிட்டர் இருக்கிறதா, அதன் பின்னால் விஜிஏ மட்டுமா, எச்டிஎம்ஐயும் உண்டா? மேஜையிலிருந்து வைஃபை ரூட்டர் எத்தனை அடி தூரம்? அங்கே மூணு பின் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா? இன்வெர்ட்டர் உண்டா? இவற்றைக் குறிக்காமல் போனால் ஒரு கேபிளுக்காக மறுநாள் மறுபடி சிக்பேட் மெட்ரோவில் இறங்க வேண்டியிருக்கும்.

பட்ஜெட்டையும் இப்போதே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். சிபியு பெட்டிக்கு ஒரு தொகை, வெளியே இருப்பவற்றுக்கு, அதாவது மானிட்டர், யூபிஎஸ், கீபோர்டு, கேமரா, விண்டோஸ் இவற்றுக்கு ஒரு தொகை. இரண்டாவது தொகையை மறப்பதால்தான் கடைசியில் யூபிஎஸ் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஆகிவிடுகிறது.

2. புதிதா, பழையதா என்று முடிவு செய்யுங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், ப்ராசசரும் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ, ஏஎம்டியின் ரைசன் என்றால் 3000 வரிசையோ அதற்கு மேலோ என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விண்டோஸுக்காக வாங்காதீர்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாறுவதுதான் நான் அதிகம் பார்த்தது. மேல்வீட்டு அக்கா முதலில் ஒரு கொட்டேஷன் சீட்டுடன்தான் வந்தார். "ஐ7, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, புது மதர்போர்டு" என்று எழுதியிருந்தது. புது ஐ3 மெஷினைவிட விலை குறைவு. "என்ன ஐ7 என்று நம்பரைக் கேளுங்கள் அக்கா" என்றேன். போனில் பதில் வந்தது: ஐ7-3770. அது 2012இல் வந்த 3ஆம் தலைமுறைச் சிப். விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை. யூடியூப் இன்று அனுப்பும் விபி9 வகை வீடியோவைப் பிரிக்கும் சர்க்யூட்டும் அதில் கிடையாது. முழு வேலையையும் ப்ராசசரே செய்வதால் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். ஐ7 என்ற பெயர் உண்மை, ஆனால் இன்றைய ஐ3-12100 அதைச் சுலபமாக முந்தும்.

பழைய மெஷினே கூடாது என்று சொல்லவில்லை. அலுவலகங்களிலிருந்து வரும் 8ஆம் தலைமுறை ஐ5-8500 போன்றவை இந்த வேலைகளுக்குத் தாராளம். இரண்டைக் கவனியுங்கள். அந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அவரவர் கம்பெனிக்கே உரிய வடிவமும் ப்ளக்கும் இருக்கும். எரிந்துவிட்டால் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அடுத்தது எஸ்எஸ்டி. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைக் கடையிலேயே ஓடவிட்டு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஹெல்த் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

ஒரே அறை வீடு, இடமே இல்லை என்றால் இன்டெலின் என்100 சிப் போட்ட மினி பிசியும் ஒரு வழி. மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கும். மானிட்டர் பின்னாலேயே மாட்டிவிடலாம். வேகம் மிதமானதுதான், ப்ராசசரைப் பின்னால் மாற்றவும் முடியாது.

3. ப்ராசசர்: கடைசி எழுத்தை விடாதீர்கள்

தாளில் எழுதிய வேலைகளுக்கு 4 கோர் உள்ள ஐ3-12100 போதும். ஒரே நேரத்தில் நிறைய ஜன்னல்கள் திறந்துவைத்து அலுவலக வேலையும் செய்பவர் என்றால் 6 கோர் உள்ள ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600ஜி. அதற்கு மேல் வீட்டில் யாரும் வித்தியாசம் உணர மாட்டார்கள்.

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துதான் முக்கியம். இன்டெலில் கடைசியில் "எஃப்" இருந்தால் (12100எஃப், 12400எஃப்) உள்ளே டிஸ்ப்ளே கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் படமே வராது. ரைசன் 5000 வரிசையில் நேர்மாறு: "ஜி" இருந்தால்தான் டிஸ்ப்ளே உண்டு. 5600, 5600எக்ஸ், 5500 எதிலும் இல்லை.

விவேக் நகரில் ஒரு தம்பி, ஆயிரக்கணக்கில் மிச்சம் என்று ஆன்லைனில் 12100எஃப் வாங்கிவிட்டான். எல்லாம் மாட்டி ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டில் லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்". மதர்போர்டு போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறான். பெட்டி மேலே இருந்த அந்த ஒரு எழுத்தைக் காட்டியபோது அவன் முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மிச்சம் பிடித்த பணத்துக்கு மேல் கொடுத்து ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினான்.

ப்ராசசரை டப்பாவோடு, சீல் உடைக்காமல் வாங்குங்கள். இன்டெலும் ஏஎம்டியும் டப்பா ப்ராசசருக்கு 3 வருட வாரண்டி தருகின்றன. "ட்ரே பீஸ்" என்று வெறும் சிப்பாகத் தருவதற்கு விற்ற கடைதான் பொறுப்பு.

4. மதர்போர்டு

ப்ராசசருக்குப் பின் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், ப்ராசசர் உட்காரும் சாக்கெட் பொருந்த வேண்டும். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ1700 சாக்கெட், ரைசன் 5000க்கு ஏஎம்4. இன்டெல் என்றால் வீட்டுக்கு எச்610 வகை போர்டே போதும். மூன்று கேள்விகள் கேளுங்கள்: ரேம் ஸ்லாட் இரண்டு உண்டா? என்விஎம்இ (கேபிள் இல்லாமல் போர்டிலேயே மாட்டும் வேகமான வகை) எஸ்எஸ்டி மாட்ட எம்.2 ஸ்லாட் உண்டா? ரேம் டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ? கடைசிக் கேள்வி ஏனென்றால், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் ஏறாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

5. ரேம்

விண்டோஸ் 11ம் பத்துப் பதினைந்து டேபும் ஒரு வீடியோ காலும் சேர்ந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். இதில் இன்னொரு விஷயம்: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில், டிஸ்ப்ளேயும் இந்த ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கிறது. ஆக 16 ஜிபி வையுங்கள், அதையும் இரண்டு 8ஆக வையுங்கள். இரண்டு குச்சி இருந்தால் இரண்டு பாதையிலும் டேட்டா போகும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு அது நேரடியாக உதவும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. கை கடிக்கிறது என்றால் இப்போது ஒரு 8 மட்டும் போட்டு, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். விலை இறங்கும்போது அதே கம்பெனி, அதே வேகத்தில் இன்னொன்று சேர்க்கலாம். எஸ்எஸ்டியையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ குறைத்து ரேமைக் கூட்டுவதைவிட இது நல்லது.

6. எஸ்எஸ்டி: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

மெஷின் "ஸ்லோ" என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது விண்டோஸ் எதில் இருக்கிறது என்பதைத்தான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் ஐ9 போட்டாலும் பயனில்லை. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரைதான் படிக்கும். சிறுசிறு ஃபைல்களைத் தேடித்தேடிப் படிக்கும்போது இன்னும் படுத்துவிடும், ஏனென்றால் முள் தட்டின் மேல் ஓடி ஓடித் தேட வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை, என்விஎம்இ ஜென்3 எஸ்எஸ்டி 3500 எம்பி வரை தரும். வீட்டு வேலையில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இரண்டில் எதற்கு மாறினாலும் வேறு மெஷின் போலவே இருக்கும். விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் என்விஎம்இ எடுங்கள், கேபிளும் மிச்சம்.

அளவு 512 ஜிபி சரியாக இருக்கும். 256 ஜிபியில் விண்டோஸ், அப்டேட், ஆபீஸ் எல்லாம் போக, போன் போட்டோவைக் கொட்டினால் ஒரே வருடத்தில் சிவப்புக் கோடு வந்துவிடும். 512 வாங்கியதும் விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டும், 1 டிபி என்றால் 931. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

பெயரே கேள்விப்படாத எஸ்எஸ்டியை "சேம் குவாலிட்டி" என்று கொடுத்தால் மறுத்துவிடுங்கள். மற்ற பாகங்கள் போனால் பணம்தான் போகும், இது போனால் பிள்ளையின் சிறுவயதுப் போட்டோக்கள் போகும். அதே காரணத்துக்காக, வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று நன்றாக இருந்தால் தூக்கிப்போடாமல், போட்டோவின் இரண்டாவது பிரதி வைக்க உள்ளேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

7. எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், எர்த்

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள். அதன் பிறகு நல்ல கம்பெனியின் 450 வாட்ஸைத் தூக்குங்கள். லேபிளில் இரண்டிலும் 450 என்றே இருக்கலாம், கைக்கு வித்தியாசம் தெரியும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் சிறியதாக இருப்பதால்தான் முதலாவது லேசாக இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு மெஷின் முழு வேகத்தில்கூட 100 வாட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் இழுக்கும். அதனால் 650, 750 எல்லாம் வேண்டாம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த 400 அல்லது 450 வாட்ஸ் போதும். எண்ணைவிடத் தரம் முக்கியம் என்பதற்குக் காரணம், மற்ற பாகம் கெட்டால் அது மட்டும் கெடும், எஸ்எம்பிஎஸ் கெட்டால் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம்.

யூபிஎஸ் 600 விஏ எடுங்கள். அது ஏறக்குறைய 360 வாட்ஸ் தாங்கும். மெஷினும் மானிட்டரும் சேர்ந்து அதில் பாதியைக்கூடத் தொடாது. கரண்ட் போனால் ஃபைலைச் சேவ் செய்து ஒழுங்காக மூட நேரம் கிடைக்கும். ஏப்ரல், மே மாதத்தில் சாயங்கால இடிமழை பிடிக்கும்போது இதன் அருமை தெரியும். ரூட்டரையும் இதிலேயே மாட்டினால் நடுவில் வகுப்பு அறுந்துபோகாது. லேசர் பிரிண்டரை மட்டும் மாட்டாதீர்கள். அது சூடாகும் நொடியில் நிறைய இழுத்து யூபிஎஸ்ஸையே நிறுத்திவிடும். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். யூபிஎஸ் மோடில் மாறும் நேரம் குறைவு, மெஷின் அணையாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் எர்த். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று லேசாக அடித்தால், மெஷினில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பெரும்பாலும் அந்த ப்ளக் பாயிண்டில் எர்த் வயர் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரிலிருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் பெட்டியில் நிற்கிறது. பழைய வாடகை வீடுகளில் இது சகஜம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் மெஷினை ஓட்டுங்கள். மூணு பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் எந்த நாளும் வேண்டாம்.

8. மானிட்டர்

22 அல்லது 24 அங்குலம், ஃபுல் எச்டி, ஐபிஎஸ் பேனல். ஐபிஎஸ் எதற்கென்றால், பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் மாறாது. வீட்டில் ஒருவர் உட்கார்ந்து இருவர் நின்றுதான் பார்ப்பார்கள்.

27 அங்குலத்தில் ஃபுல் எச்டி எடுக்காதீர்கள். அதே புள்ளிகள் பெரிய இடத்தில் பரவுவதால் எழுத்து கலங்கும். தமிழ் எழுத்தில் இது சீக்கிரமே கண்ணில் படும். மெய்யெழுத்தின் புள்ளியும் 'ணி'யின் சுழியும் மங்கித் தெரியும். கடையில் வீடியோ ஓட்டிக் காட்டுவார்கள், வீடியோ எதிலும் அழகாகத்தான் தெரியும். ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, வீட்டில் உட்காரும் தூரத்தில் நின்று வாசித்துப் பாருங்கள். மாமனாரையும் அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

9. லேப்டாப்பில் இருந்து வருபவர்கள் மறப்பவை

கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை, புளூடூத். லேப்டாப்பில் ஐந்தும் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப்பில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். ரூட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் கேபிளே சிறந்தது. இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் யூஎஸ்பி வைஃபை வாங்கி, முன்பக்க போர்ட்டில் மாட்டுங்கள். பின்னால் மாட்டினால் இரும்புப் பெட்டியே சிக்னலை மறைக்கும்.

போனுக்கு வந்த ஒற்றைப் பின் ஹெட்செட்டை மாட்டினால் பாட்டு கேட்கும், நீங்கள் பேசுவது பெரும்பாலும் போகாது. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளைகள். ஒரு யூஎஸ்பி ஹெட்செட் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

தமிழ் டைப் செய்யத் தனிக் கீபோர்டு வேண்டாம். தமிழ்99 முறை விண்டோஸிலேயே இருக்கிறது.

10. விண்டோஸ்

"விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தரோம்" என்றால் அது திருட்டுப் பிரதி. வங்கிக் கணக்கு திறக்கப் போகும் மெஷினில், லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்க யாரோ எழுதிய ஆக்டிவேட்டரை ஓடவிட வேண்டாம். ஏற்கெனவே போட்டுத் தந்திருந்தால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்கள். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால், அது வீட்டு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸுக்குப் பணம் இல்லையென்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் இலவசம். பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்பவர்களுக்கு அது நன்றாகவே ஓடும். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் போன்று விண்டோஸை நம்பிய வேலை இருந்தால் மட்டும் விண்டோஸுக்குப் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

11. கொட்டேஷன், பில்

மூன்று கடைகளில் கேளுங்கள், மூன்றிலும் ஒரே மாடல் நம்பர்களைச் சொல்லுங்கள். "8 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி" என்று பொதுவாகச் சொன்னால் மூன்று விதப் பொருளுக்கு விலை சொல்வார்கள், ஒப்பிடவே முடியாது. விலை ஜிஎஸ்டி சேர்த்ததா என்று கேளுங்கள். 18 சதவீதம் சின்னத் தொகை இல்லை. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். காலி டப்பாக்களையும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

12. வீட்டில் முதல் நாளும் முதல் வாரமும்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, ப்ராசசர் பெயர், ரேமின் அளவு, வேகம், எத்தனை ஸ்லாட் நிறைந்திருக்கிறது எல்லாவற்றையும் பில்லோடு ஒப்பிடுங்கள். இரண்டு 8க்குப் பணம் கொடுத்து ஒரு 16 மட்டும் இருந்த மெஷினை இப்படித்தான் ஒருமுறை கண்டுபிடித்தோம். மறுநாளே மாற்றிக்கொடுத்தார்கள்.

புது எஸ்எஸ்டி என்றாலும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஓடிய நேரத்தைப் பாருங்கள். சில மணி நேரம்தான் இருக்க வேண்டும். மானிட்டரில் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா யூஎஸ்பி போர்ட்டிலும் பென் டிரைவ் போட்டுப் பாருங்கள். யூபிஎஸ்ஸை எட்டு மணி நேரமாவது சார்ஜ் ஏறவிட்டு, மெஷின் ஓடும்போதே சுவர் ஸ்விட்ச்சை அணையுங்கள். மெஷின் அணையாமல் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கடையில் நேரடியாக மாற்றித் தருவது சில நாட்களுக்குத்தான். எத்தனை நாள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லின் ஓரத்தில் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.